சுவரிலிருந்து ஆரம்பி

மத்தியான நேரம், கடையில் ஆள் இல்லை. மேசைமேல் இருந்த எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து மெல்லிய முனகல் ஒன்று எழுந்தது. பிறகு ஒரு ‘டிக்’. ஒரு நொடி அமைதி. மறுபடி முனகல், மறுபடி ‘டிக்’. அதன் நுனியில் இருந்த சின்ன விளக்கு மினுக்கி அணைந்தது. செருகிய சாதனம் இன்னதென்று தெரியவில்லை என்று கம்ப்யூட்டர் திரையின் மூலையில் ஓர் அறிவிப்பு வந்து போனது. என்னிடம் வேலை பார்க்கும் தம்பி சத்தத்தைக் கேட்டதுமே, “அண்ணே, டிஸ்க் போச்சு” என்றான்.

அந்த ‘டிக்’கில் எனக்கு, முன்பு இந்த ஸ்டூடியோவை நடத்திய அண்ணாச்சியின் டார்க் ரூம் ஞாபகம் வந்துவிட்டது.

சங்கரன்கோவிலில் விசைத்தறிச் சத்தம் ஓயாத தெரு ஒன்றில் அண்ணாச்சியின் ஸ்டூடியோ இருந்தது. முன்னால் ஒரு மேசை, நடுவில் மலையும் அருவியும் வரைந்த திரைச்சீலை, கடைசியில் சன்னலை அட்டை வைத்து அடைத்த டார்க் ரூம். உள்ளே சிவப்பு பல்பு, மூன்று தட்டு, மூக்கில் ஏறும் ஹைப்போ வாடை, சுவரில் ஒரு பெண்டுலக் கடிகாரம். அந்த வெளிச்சத்தில் கடிகாரத்தின் முள் யாருக்கும் தெரியாது. அதை அண்ணாச்சி மணி பார்க்க வைத்திருக்கவில்லை. என்லார்ஜர் விளக்கைப் போட்டதும் அதன் டிக்குகளை மனசுக்குள் எண்ணித்தான் எக்ஸ்போஷர் கொடுப்பார். டைமர் விற்க வந்தவர்களிடம், “எனக்கு இதுதாம்வே பழக்கம்” என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

சாயங்காலம் ஆனால் எங்கள் தெருவில் கரண்ட் இளைத்துவிடும். தறிகள் ஒரு பக்கம் இழுக்கும், வீடுகளில் விளக்குப் போடுவார்கள், டியூப் லைட் சிமிட்டிக்கொண்டே நிற்குமே தவிர எரியாது. அந்த நேரத்தில் போடும் பிரிண்ட் வெளிறிப்போய் வரும். தலைமுடி சாம்பலாகத் தெரியும், வேட்டிக்கும் பின்னால் இருக்கும் சுவருக்கும் வித்தியாசம் இருக்காது. கடைப் பையன்கள் பேப்பர் பழசு என்பார்கள், டெவலப்பர் செத்துப்போச்சு என்பார்கள். அண்ணாச்சி அதை ஒப்புக்கொண்டதே இல்லை.

“ஏலே, பேப்பர வையாத. அது என்ன செய்யும்? கரண்டு வார வழியப் பாரு. சுவத்துல இருந்து ஆரம்பி.”

சொல்லிவிட்டு அவரே ஆரம்பிப்பார். முதலில் சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட். புறங்கையால்தான் தொடுவார். சூடு இருந்தால் உள்ளே பின் லூஸ் என்று அர்த்தம். அங்கிருந்து வயரை விரலால் நீவிக்கொண்டே போவார். வயர் எங்கே வளைகிறதோ அங்கே நிற்பார், ஏனென்றால் உள்ளே கம்பி அறுவது அங்கேதான். அடுத்து ஸ்டெபிலைசர் முள். அடுத்து பல்பு மாட்டும் ஹோல்டர். அதன் பிறகு பல்பு. இவ்வளவும் பார்த்து முடித்த பிறகுதான் பேப்பர் டப்பாவைத் திறக்கச் சொல்வார். முக்கால்வாசி நாள் அது வரைக்கும் போக வேண்டியே வராது.

ஆடித்தபசுத் திருவிழா வந்தால் கடை நிரம்பிவிடும். சுற்று வட்டாரத்து ஊர்களிலிருந்து கோமதியம்மன் தபசு பார்க்க வந்த குடும்பங்கள், புது வேட்டி சேலையோடு அப்படியே ஸ்டூடியோவுக்கும் வருவார்கள். அந்தக் காலத்தில் ஒரு குடும்பம் ஒன்றாகப் படம் எடுத்துக்கொள்ள அது ஒரு காரணம். யாஷிகா கேமராவில் 120 ஃபிலிம், ஒரு ரோலுக்கு 12 படம். பன்னிரண்டும் வீணாகாமல் வர வேண்டும். பெரியவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, சின்னதுகளைத் தரையில் இருத்தி, “மூச்சப் பிடிச்சுக்கோங்க” என்று சொல்லி அண்ணாச்சி குனிந்து பார்க்கும்போது கடைக்குள் ஒரு சத்தம் இருக்காது.

இறந்தவர்களைப் படம் எடுக்கவும் கூப்பிடுவார்கள். உயிரோடு இருந்தபோது படமே எடுத்திராத ஒருவரை, நாற்காலியில் சாய்த்து மாலை போட்டு, சுற்றிலும் பிள்ளைகள் நிற்க எடுத்த படங்கள் எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் தொங்கின. அதற்கு மட்டும் அண்ணாச்சி பையன்களை அனுப்ப மாட்டார், தானே போவார். திரும்பி வந்து குளித்துவிட்டு, அன்று ராத்திரியே கழுவி பிரிண்ட் போட்டுவிடுவார். “அந்த ஒரு படந்தான் அவுகளுக்கு மிச்சம்” என்பார்.

நெகட்டிவ் ஸ்டூடியோவில்தான் இருக்கும். வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வழக்கமே கிடையாது. வெண்ணெய்த்தாள் உறையில் போட்டு, நம்பர் எழுதி, ரிஜிஸ்டரில் ஏற்றி, மரப்பெட்டியில் அடுக்கிவிடுவோம். பிரிண்டோடு நம்பர் எழுதிய ஒரு சீட்டு மட்டும் அவர்களுக்கு. ஒரு தடவை பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஒரு பாட்டி, இடுப்புச் சுருக்குப்பையைப் பிரித்து, வெற்றிலைக்கு அடியிலிருந்து அந்தச் சீட்டை எடுத்தாள். மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, எண்ணில் பாதிதான் தெரிந்தது. பட்டாளத்துக்குப் போன மகன் போகிறதுக்கு முன்னால் எடுத்துக்கொண்ட படம். அண்ணாச்சி ரிஜிஸ்டரின் பக்கங்களைப் பொறுமையாகத் தள்ளிக் கண்டுபிடித்து, ஃபுல் சைஸில் போட்டுக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

பழைய நெகட்டிவை எடைக்குக் கேட்டு ஆட்கள் வருவார்கள். ஃபிலிமில் இருக்கும் வெள்ளியைப் பிரித்தெடுத்து விற்கிற தொழில் அது. பல ஊர்களில் பல ஸ்டூடியோக்காரர்கள் மூட்டை மூட்டையாகப் போட்டுவிட்டார்கள். அண்ணாச்சி மட்டும், “ஊரு மொகத்த எடைக்குப் போட முடியுமாய்யா?” என்று கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார்.

அவருக்குப் பிறகு கடை என் பொறுப்புக்கு வந்தபோது தொழிலே மாறிக்கொண்டிருந்தது. ஃபிலிம் போய் டிஜிட்டல் வந்தது. டார்க் ரூமை இடித்து அந்த இடத்தில் கம்ப்யூட்டர் மேசை போட்டேன். கல்யாணப் படங்களை முதலில் சிடியில் எழுதி வைத்தோம். ஒரு சிடிக்கு 700 எம்பி. பிறகு டிவிடி, 4.7 ஜிபி. சில சிடிகளுக்கு மேல்பூச்சு உரிந்து, எதிர்வெளிச்சத்தில் பிடித்தால் ஊசித்துளை தெரிந்தது. அப்புறம்தான் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். முதலில் வாங்கியது கனமான 3.5 அங்குல டிஸ்க். அதற்கு 12 வோல்ட் வேண்டும் என்பதால் தனி அடாப்டரோடு வந்தது. அடுத்து வந்த 2.5 அங்குல டிஸ்க்குக்கு அடாப்டர் கிடையாது, ஒரே கேபிள்தான். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மண்டபத்துக்கே போகலாம் என்றதும் எல்லாரும் அதற்கு மாறினோம்.

அந்த ஒரே கேபிள் எவ்வளவு பெரிய வசதி என்பது பழைய கம்ப்யூட்டரைத் தொட்டவர்களுக்குத் தெரியும். கீபோர்டுக்கு ஒரு வட்ட முனை, பிரிண்டருக்கு இரண்டு பக்கமும் திருகாணி வைத்த பட்டையான முனை, மோடத்துக்கு இன்னொன்று. மாற்றிச் செருகினால் பின் வளைந்துவிடும். வதோதராவில் படித்து அமெரிக்கா போன அஜய் பட், இன்டெல் நிறுவனத்தில் இருந்தபடி சக பொறியாளர்களோடு சேர்ந்து இதற்கெல்லாம் ஒரே முனை போதும் என்ற வழியை உருவாக்கினார். 1996-ல் யுஎஸ்பியின் முதல் பதிப்பு வந்தது. தகவலும் கரண்டும் ஒரே கேபிளில் போகும் என்பதுதான் அதன் அழகு. பழுது பார்க்கிறவனும் இதை மறக்கக்கூடாது. தகவல் வரவில்லை என்று நாம் தலையைப் பிய்த்துக்கொள்ளும்போது, பல நேரம் வராமல் போனது கரண்டாக இருக்கும்.

அன்று காலையில் ஒரு பெண் கடைக்கு வந்திருந்தாள். “அண்ணே, எங்கப்பா தவறிட்டாக. பதினாறாம் நாளுக்குப் படம் வேணும். வீட்டுல ரேஷன் கார்டு படந்தான் இருக்கு, அதுல முகமே தெரியல. எங் கல்யாணத்துக்கு நீங்கதான் எடுத்தீங்க...” என்றாள். ஆல்பம் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. மழையில் வீடு ஒழுகியதை அவளே சொன்னாள். “இரு தாயி, தேடிப் பாக்கேன். சாயங்காலம் வா” என்று அனுப்பிவிட்டு, அந்த வருஷத்து டிஸ்க்கை பீரோவிலிருந்து எடுத்து ஹப்பில் செருகினேன். டிக், டிக் என்று அடித்தது அதுதான்.

அந்த ஹப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரின் ஒரு யுஎஸ்பி போர்ட்டை ஏழாக்கித் தருவது, மேசை ஓரத்தில் டேப் போட்டு ஒட்டியது. வயர்லெஸ் மவுஸின் ரிசீவர், கார்டு ரீடர், ஆல்பம் சாஃப்ட்வேருக்கான டாங்கிள், வெயிலுக்கு ஒரு குட்டி ஃபேன், அவசரமாகச் சார்ஜ் போடச் சொல்லி யாரோ கொடுத்துவிட்டுப் போன செல்போன். எல்லா ஸ்டூடியோவிலும் ஹப் இப்படித்தான் இருக்கும்.

“சென்னையில டேட்டா எடுத்துக் குடுக்கிறவங்க இருக்காங்கண்ணே. ஆனா ரொம்பக் கேப்பாங்க” என்று தம்பி போனை எடுத்தான். நான் டிஸ்க்கைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மேசைக்கு அடியில் குனிந்து சுவரிலிருந்து ஆரம்பித்தேன்.

பிளக் பாயின்ட் சில்லென்று இருந்தது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் சரி. ஹப்புக்கு என்று தனியாக ஒரு அடாப்டர் உண்டு, 5 வோல்ட். கறுப்பு அடாப்டர்கள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால், எது எதற்கு என்று வெள்ளை மையால் ஒவ்வொன்றின் முதுகிலும் எழுதி வைப்பது என் வழக்கம். ‘ஹப்’ என்று எழுதியதைப் புறங்கையால் தொட்டால் கொதித்தது. போர்ட்டுக்கும் கேபிளுக்கும் நடுவில் செருகிப் பார்க்கிற சின்ன மீட்டர் ஒன்று என்னிடம் இருக்கிறது, சில நூறு ரூபாய்ச் சாமான். அதை வைத்ததும் 5 என்று காட்டியது. டிஸ்க்கை அதன் வழியாகச் செருகினேன். எண் 4.3-க்கு இறங்கியது, டிஸ்க் ‘டிக்’ என்றது, எண் மறுபடி 5-க்கு ஏறியது. தம்பி போனை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து குனிந்தான். அவன் பார்க்க வேண்டும் என்று மறுபடி ஒரு முறை செய்யத் தோன்றியது, ஆனால் டிஸ்க்கை அதற்கு மேல் அலைக்கழிக்க மனம் வரவில்லை.

நடந்தது இதுதான். யுஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர் தரும், நீல நாக்கு வைத்த 3.0 போர்ட் 900 தரும். ஓடிக்கொண்டிருக்கும் 2.5 அங்குல டிஸ்க்குக்கு இது போதும். ஆனால் டிஸ்க்குக்குள் நின்ற தட்டு நிமிடத்துக்கு 5400 சுற்று என்ற வேகத்தை எட்டுகிற அந்தச் சில நொடிகளில் அது 1 ஆம்பியர் அளவுக்குக் கேட்கும். அடாப்டர் இல்லாத ஹப் என்றால் கம்ப்யூட்டரிடம் வாங்கும் 500-ஐத்தான் எல்லாருக்கும் பங்கு வைக்க வேண்டும், விதிப்படி 2.0 ஹப்பில் ஒரு போர்ட்டுக்கு 100தான். அடாப்டர் இருந்தும் அது தளர்ந்துபோனால் அதே கதை. ஏறிப்போகிற வேகத்தில் வோல்ட் இறங்கியதும் டிஸ்க் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள, தட்டைப் படிக்கும் தலையைப் பின்னால் இழுத்துக்கொள்கிறது. அந்த இழுப்புதான் ‘டிக்’. பிறகு மறுபடி முயற்சி செய்கிறது. தறி ஓடும் தெருவில் என்லார்ஜர் பல்பு பட்ட பாடு இது.

ஹப்பை விட்டுவிட்டு கம்ப்யூட்டரின் பின்பக்கம் போனேன். முன்னால் இருக்கும் போர்ட்கள் கையெட்டும் தூரத்தில் இருக்கின்றன என்பதைத் தவிர அவற்றில் ஒரு நன்மையும் இல்லை. மெல்லிய வயர் வழியாக மதர்போர்டுக்குப் போகிறவை. பின்னால் இருப்பவை போர்டிலேயே பதித்தவை. கேபிளையும் மாற்றினேன், நீளமானதை எடுத்துவிட்டு ஒரு சாண் கேபிள். செருகியதும் முனகல் எழுந்தது. ஏறியது. சீராக நின்றது. விளக்கு மினுக்காமல் எரிந்தது.

திரையில், இந்த டிஸ்க்கை உபயோகிக்க வேண்டும் என்றால் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யவா என்று ஒரு பெட்டி வந்தது. இந்த இடத்தில்தான் பல வீடுகளின் கல்யாணமும் காதுகுத்தும் காணாமல் போகின்றன. பாதியில் கரண்ட் விட்டு விட்டுப் போன டிஸ்க்கின் அட்டவணையைக் கம்ப்யூட்டரால் ஒழுங்காகப் படிக்க முடியாதபோது வருகிற கேள்வி அது. படங்கள் உள்ளேதான் இருக்கும். தம்பியின் விரல் மவுஸ் பக்கம் போனது, நான் கையைப் பிடித்துக்கொண்டேன். வேண்டாம் என்று அழுத்தி, முறைப்படி டிஸ்க்கைக் கழற்றி, கம்ப்யூட்டரை அணைத்து, கொஞ்ச நேரம் விட்டுப் போட்டோம். இந்தத் தடவை டிஸ்க் தன் பெயரோடு வந்தது. உள்ளே அந்த வருஷத்துக் கல்யாணங்கள் எல்லாம் ஊர் வாரியாக வரிசையாக இருந்தன.

தேடுவதற்கு முன்னால் காப்பி. டிஸ்க்கைச் சரிபார்க்கிறேன் என்று செக் டிஸ்க் ஓட்டுவதும்கூட அதற்குப் பிறகுதான், ஏனென்றால் அது டிஸ்க்கில் எழுதவும் கூடும். 500 ஜிபியை 3.0 வழியாக இன்னொரு புது டிஸ்க்குக்கு மாற்ற இரண்டு மணி நேரத்துக்குப் பக்கம் ஆனது. பழைய 2.0 போர்ட் என்றால் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். சும்மா இருக்கும் டிஸ்க்கைத் தூங்க வைக்கிற பழக்கம் விண்டோஸுக்கு உண்டு என்பதால், பவர் அமைப்பில் யுஎஸ்பி கரண்டைச் சேமிக்கும் வசதியை முன்கூட்டியே அணைத்து வைத்தேன். காப்பி ஓடும்போது மவுஸ் தத்தித் தத்தி நகர்ந்தது. தம்பி பேட்டரியை மாற்றினான், சரியாகவில்லை. 3.0 கேபிளில் தகவல் ஓடும்போது வயர்லெஸ் மவுஸ் பேசுகிற 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் எழும். இன்டெல்லே 2012-ல் இதை எழுதி வெளியிட்டிருக்கிறது. ரிசீவரை டிஸ்க்கிலிருந்து தள்ளி முன் போர்ட்டில் செருகியதும் மவுஸ் பழையபடி ஓடியது.

சாயங்காலம் அவள் வந்தபோது காப்பி முடிந்திருந்தது. மேடைப் படங்களில் அவள் அப்பாவைக் காணோம். மகள் கல்யாணத்தன்று எந்தத் தகப்பன்தான் மேடையில் நின்றார்? தாரை வார்க்கும்போது எடுத்த ஒரு படத்தில் மட்டும் இருந்தார், அதிலும் குனிந்திருந்தார். தேடிக்கொண்டே போய், பந்திப் படங்களில் கிடைத்தார். சாம்பார் வாளியைக் கையில் தூக்கியபடி, தோளில் துண்டு, பந்தியில் உட்கார்ந்திருக்கும் யாரோ வேண்டாம் என்று கையால் இலையை மறைக்க, இவர் விடாமல் சிரித்துக்கொண்டு நிற்கிறார். முன்பல் ஒன்று சற்றே தூக்கலாகத் தெரிந்தது. அவள் பேசவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அந்தப் பல்லைத் தொடுகிற மாதிரி திரையில் விரலை வைத்தாள். வாளியை எடுத்துவிட்டுத் தலையை மட்டும் வெட்டிப் போடவா என்று தம்பி கேட்டான். “வாளியோடயே இருக்கட்டும்” என்றாள். அப்படியே 12-க்கு 18-ல் போட்டுக் கொடுத்தோம்.

அன்று ராத்திரி அந்த டிஸ்க்கின் ஆரோக்கியக் கணக்கைப் பார்க்கும் மென்பொருளை ஓட்டினேன். படிக்க முடியாத செக்டர் ஒன்றுகூட இல்லை. அதற்கு ஒரு குறையும் இல்லை. தளர்ந்த அடாப்டரை எறிந்தேன். வேறு அடாப்டர் போட்ட அதே ஹப்பில் இப்போது மவுஸ், டாங்கிள், கார்டு ரீடர் மட்டும். டிஸ்க்குக்கு எப்போதும் பின் போர்ட்தான்.

நேராகச் செருகி, கேபிளும் மாற்றி, அதற்குப் பிறகும் ‘டிக்’ நிற்கவில்லை என்றால் அது வேறு. உள்ளே தலையோ தட்டோ அடிபட்டிருக்கலாம். அப்போது மறுபடி மறுபடி செருகிப் பார்க்கவே கூடாது, ஒவ்வொரு தடவையும் தலை தட்டைச் சுரண்டலாம். அணைத்து, பஞ்சு வைத்துச் சுற்றி, தெரிந்தவர்களிடம் கொண்டு போக வேண்டியதுதான்.

அண்ணாச்சி விற்காமல் காத்த நெகட்டிவ் பெட்டிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஈரமும் வெப்பமும் பட்ட அசிட்டேட் ஃபிலிம் காலப்போக்கில் தானே சிதையும், சிதையும்போது வினிகர் வாடை வரும். அவர் போன பிறகு அந்தப் பெட்டிகளைத் திறந்தபோது அந்த வாடைதான் வந்தது. பாதிக்கு மேல் ஒன்றோடொன்று ஒட்டி, பிரித்தால் முகத்தோடு சேர்ந்து உரிந்தது. மிச்சத்தை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன். அவர் பார்த்துக்கொண்டதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் ஓர் ஊரின் முகம் எல்லாம் ஒரே ஒரு பெட்டியில் இருந்தது. நெகட்டிவ் ஸ்டூடியோவில்தான் இருக்க வேண்டும் என்ற அந்த வழக்கத்தை நான் விட்டுவிட்டேன்.

எங்கள் ஸ்டூடியோவில் கல்யாணமோ காதுகுத்தோ எடுத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், ஒரு பென் டிரைவையோ டிஸ்க்கையோ எடுத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள். சீட்டு வேண்டாம், எந்த மண்டபம், எந்த மாதம் என்று சொன்னால் போதும். இருக்கிற படம் அத்தனையும் ஏற்றித் தருகிறேன், காசு வேண்டாம். வீட்டுக்குப் போனதும் இன்னொரு இடத்திலும் போட்டு வையுங்கள். என் பீரோவில் மட்டும் விட்டு வைக்காதீர்கள்.